அன்றைக்கு நங்கூரக் காவலில் இருந்தது யார்?

மேடையில் வீற்றிருக்கும் படகு உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே! துறைமுக அதிகாரி அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், நம் கேப்டன் அக்காவின் அன்பு மகளே! நாற்காலியை ஜன்னல் பக்கமே திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கும் படகுக்காரத் தோழர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நீங்கள் ஏன் வெளியே பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான்கு மணிக்கு மேல் காற்று மேற்கே திரும்பும் என்று காலையில் அறிவிப்பு வந்தது. இப்போது மணி மூன்று நாற்பது. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. தலைவர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் இன்ஜின்காரன், ஸ்பேனர் பிடித்த கைக்கு மைக் பிடிக்க வரவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்தில் யாருக்காகக் கூடியிருக்கிறோம்? கேப்டன் அக்காவுக்காக! என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் எனக்கும் அக்காதான், துறைமுகத்துக்கே அக்காதான். பத்தொன்பது வருடம் அவரோடு ஒரே படகில் இருந்தேன். எட்டுப் பயணிகள், நான்கு நாள், குடா குடாவாகப் போவோம். பகலில் ஓட்டம், சாயங்காலம் காற்றுக்கு மறைவான ஒரு குடாவில் நங்கூரம். படகு ஓட்ட நம்மில் யாருக்குத்தான் தெரியாது? நிறுத்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? அக்காவுக்குத் தெரியும்!

நங்கூரத்தை இறக்கிவிட்டு, இன்ஜினைப் பின்னுக்குப் போடச் சொல்லி, சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைப்பார். சங்கிலி நடுங்கினால் கீழே பாறையில் உரசுகிறது என்று அர்த்தம். அசையாமல் விறைத்து நின்றால் மணலில் கவ்விவிட்டது. நடுங்கியதா, தூக்கு! மறுபடி போடு! ஒருமுறை ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் பொறுமையிழந்து கத்தினார். "என்னம்மா இது, மூணாவது தடவை போடுறீங்க! உங்களுக்குப் பிடிச்ச இடமா பார்த்து ஒரே தடவையில போடக் கூடாதா?" அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குப் பிடிச்சா போதாது சார், அதுக்குப் பிடிக்கணும்" என்றார். அந்த மேலாளர் அதன்பிறகு ஐந்து வருடம் விடாமல் எங்கள் படகிலேயே வந்தார்.

நங்கூரம் பிடித்த பிறகு அரை மணி நேரம் டீகூடக் குடிக்க மாட்டார். கரையில் இரண்டு அடையாளம் எடுத்துக்கொள்வார், கிட்டத்தில் ஒன்று, அதற்குப் பின்னால் தூரத்தில் ஒன்று. இரண்டும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தால் படகு நகரவில்லை என்று அர்த்தம். அவற்றைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது பேச்சுக் கொடுத்தால், "அரை மணி கழிச்சுப் பேசுங்க." அவ்வளவுதான்! ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பார்க்கப் போனேன். ஜன்னல் கம்பியையும் எதிர் மாடியின் தண்ணீர்த் தொட்டியையும் உற்றுப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "என்னக்கா பாக்குற?" என்றேன். "கட்டில் நகருதான்னு பாக்குறேன், இன்ஜின்" என்றார்; என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

இப்படிப்பட்டவர் காவல் நேரத்தில் தூங்கினார் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பினீர்களே! பதினோரு வருடமாக நம்புகிறீர்களே!

தலைவரே, கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லாமல் இந்த மைக்கை விட மாட்டேன்.

பதினோரு வருடத்துக்கு முன்பு, மூன்றாவது குடா. வாய் குறுகி வயிறு அகன்ற குடா, உங்கள் எல்லோருக்கும் தெரியும். பயணிகள் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா விடியலிலிருந்து சுக்கான் பிடித்தவர். "ரெண்டு மணி நேரம் படுக்கிறேன், காவல் உங்களது. அசையாததா ரெண்டு எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். நான் எடுத்தேன். பின்னால் மேட்டின்மேல் சிவப்புத் தண்ணீர்த் தொட்டி, முன்னால் கரைச் சாலையில் ஒரு வெள்ளை லாரி.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். லாரியைப் போய் அடையாளமாக எடுப்பானா ஒருத்தன்? எடுத்தேன்! காலையிலிருந்து அங்கேயேதான் நின்றது, மணல் ஏற்றிக்கொண்டு. நடுவில் கை சும்மா இருக்காமல் பம்பைக் கழற்றக் கீழே இறங்கினேன். அதற்குள் காற்று மேற்கே திரும்பியது, நங்கூரம் பிடியை விட்டது, அந்த லாரியும் கிளம்பிப் போனது. அதே மாதிரி இன்னொரு வெள்ளை லாரி வந்து, படகு நகர்ந்த பக்கமாகவே நாற்பது அடி தள்ளி நின்றது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேலே வந்து பார்க்கிறேன், தொட்டியும் லாரியும் அழகாக ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன! நிம்மதியாக மறுபடி பம்புக்கே போனேன். படகின் பின்பக்கம் பாறையில் மோதிய சத்தத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஏணியில் ஏறிக்கொண்டிருந்த பயணியம்மா விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

விசாரணையில் அதிகாரி கேட்டார், "காவலில் இருந்தது யார்?" நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார், "நான்தான் சார். கண்ணசந்துட்டேன்."

எனக்கு அடுத்த மாதம் கேப்டன் லைசென்ஸ் பரீட்சை. என் பெயர் வந்திருந்தால் உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். வெளியே வந்து கத்தினேன், "ஏன்க்கா இப்படிச் சொன்ன?" அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "கேப்டன் நான், என் பேரு எப்படியும் கெடும். உங்க பேரும் கெட்டா படகு கரையிலேயே கிடக்கும். என் பேரு கொஞ்சம் தாங்கும்." அவருடைய லைசென்ஸை இரண்டு வருடம் நிறுத்தி வைத்தார்கள். நான் பரீட்சை எழுதி, அவருடைய படகுக்கே கேப்டன் ஆனேன். அவர் அதே படகில் காய் நறுக்கினார், பாத்திரம் துலக்கினார். நங்கூரம் போடும்போது மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வருவார், சங்கிலியில் கையை வைப்பார், போவார். "தூங்குமூஞ்சி கேப்டன்" என்று நீங்கள் சிலர் சிரித்தீர்கள். நானும் பக்கத்தில் நின்றேன். கல்லுளிமங்கனாக நின்றேன்!

அதிகாரி அவர்களே, அந்த விசாரணை நடந்தது உங்களுக்கு முன்பிருந்தவர் காலத்தில். கோப்பு உங்கள் அலமாரியில் இருக்கிறது. இதோ, கையெழுத்துப் போட்ட என் கடிதம். அக்காவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். என் லைசென்ஸை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள்.

பாப்பா, உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்துத்தான் ஆக வேண்டும். அப்போது உனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு படகுக்கு வந்து, "நீ தூங்கினதுக்கு நான் ஏன்மா தலைகுனியணும்?" என்று கேட்டாய். அம்மா காய் நறுக்கிக்கொண்டே இருந்தார். நீ அதன்பிறகு அந்தப் படகில் கால் வைக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய், ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தாய், கடல் பக்கம் மட்டும் திரும்பவில்லை. "பாப்பாகிட்டயாவது சொல்லிடலாம்க்கா" என்று எத்தனை முறை கெஞ்சினேன்! ஆஸ்பத்திரியிலும் கெஞ்சினேன். "சொன்னா உங்களை மாமான்னு கூப்பிட மாட்டா. அவளுக்கு அப்பாவும் இல்ல. மாமாவும் வேணாமா?" என்றார். சொல்ல மாட்டேன் என்று அவருக்குக் கொடுத்த வாக்கைத்தான் இப்போது மீறிவிட்டேன். உன் அம்மா தூங்கியது தூங்க வேண்டிய நேரத்தில். விழித்திருக்க வேண்டியவன் நான்.

தோழர்களே, நான்கு மணிக்கு முன்பே கம்பத்துக் கொடி திரும்புகிறது. போங்கள், எழுந்து போய் உங்கள் சங்கிலிகளைப் பாருங்கள். அக்கா இருந்திருந்தால் எப்போதோ விரட்டியிருப்பார். போவதற்கு முன்னால் என்னோடு ஒரு உறுதி எடுங்கள். நங்கூரம் பிடித்த பின் அரை மணி நேரம் யாரும் பேச மாட்டோம்! நகரக்கூடிய எதையும் அடையாளமாக எடுக்க மாட்டோம்! செய்த தப்பை இன்னொருவர் தலையில் விட்டுவைக்க மாட்டோம்! லைசென்ஸ் போனாலும் போகட்டும், அக்காவின் படகில் நான் பாத்திரம் துலக்கியாவது இருப்பேன்.

அக்காவின் படகும் வெளியே நங்கூரத்தில்தான் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அவர் எடுத்த அடையாளங்கள் சுக்கான் பக்கத்துப் பலகையில் சாக்பீஸால் எழுதியபடி இருக்கின்றன. பாறை மூக்கு, பள்ளிக்கூட மாடி. நான் அழிக்கவில்லை. இப்போது போய்க் காவலுக்கு உட்காரப் போகிறேன். பாப்பா, நீ என்னை இனி மாமா என்று கூப்பிட வேண்டாம். ஆனால் ஒருமுறை படகுக்கு வந்து, உன் அம்மா எழுதியதை உன் கண்ணாலேயே சரிபார்.

பாப்பா எழுந்துவிட்டாள். கொஞ்சம் வழி விடுங்கள். நாற்காலியை நகர்த்துங்கள் ஐயா, போகட்டும், யாரும் தடுக்காதீர்கள்.

என்னம்மா? வாசலில் நின்று என்ன கேட்கிறாய்? சத்தமாகச் சொல், இந்த மைக் இரைகிறது.

கேட்டீர்களா, சபையோரே? "கேபின் சாவி எங்க, மாமா?" என்று கேட்கிறாள். கோபமாகத்தான் கேட்கிறாள்.

சாவி என் பையில் இருக்கிறது, பாப்பா. இதோ வந்துவிட்டேன்.