கடலில் காத்தாடி நடுகிற மாப்பிள்ளை

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். மடியில் ஜாதகக் கட்டு வைத்திருந்தவர் கல்யாணத் தரகர். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் பேப்பரை மடித்தேன்.

"ஜெர்மனி மாப்பிள்ளைன்னா சரிங்கறாங்க அண்ணே. கடல்ல கரண்டு காத்தாடி நடுறவர்னா யோசிக்கிறாங்க."

"அவன் கடலுக்கே போறதில்லைங்க. வேலை ஹார்பர்ல," என்றார் பையனின் அப்பா, சலிப்போடு.

"காத்தாடி கடல்லதானே இருக்கு?"

"அவ்வளவு நீள இறக்கையை ரோட்டுல எவ்வளவு தூரம் கொண்டுபோறது? எல்லாம் ஹார்பர்லதான் வந்து சேரும். தூணை அங்கேயே பூட்டி, நிமித்தி வச்சு, கப்பல்ல ஏத்தி அனுப்பணும். ஹார்பர் இல்லேன்னா கடல்ல ஒரு காத்தாடி நிக்காது."

தரகருக்குப் பிடிபடவில்லை.

"நம்ம நாத்தங்கால் மாதிரிங்க. நாத்து அங்க தயாராகும். நடவு வேற எடம், வேற ஆளுங்க. இவன் நாத்தங்காலைப் பாத்துக்கிறவன்."

தரகர் முகம் தெளிந்தது. "இதை அப்படியே சொல்லிடறேன். பொண்ணோட அப்பாவும் விவசாயிதான், சட்டுனு புரிஞ்சிடும்."

பையனின் அப்பா ஜன்னல் வழியே வயலைப் பார்த்தார்.

"வேணாங்க, கடல்னே இருக்கட்டும். மூத்தவன் இங்க நாத்தங்கால்லதான் நிக்கிறான். அவன் ஜாதகம் நாலு வருஷமா உங்க கட்டுலதான் கெடக்கு."