தம்பி வீட்டுச் சுவரில் முப்பத்தொரு அட்டைகள்

கயிறு கையை அறுக்கிறது. தண்ணீர் இடுப்புக்கு மேல் ஓடுகிறது. நான் முன்னால் போகிறேன். நடுவில் ராஜம், என் தம்பி மனைவி. கடைசியில் என் தம்பி ஆசீர். மூன்று பேர். ஒரு கயிறு. அதன் மறுமுனை மெயின் ரோட்டு மேட்டில் நிற்கும் லாரியின் கொக்கியில் கட்டியிருக்கிறது. நடுவில் எங்கள் கோயில் தெரு. தெரு என்று பழக்கத்தில் எழுதுகிறேன். அங்கே ஆறு ஓடியது.

மூன்று சத்தங்கள் கேட்டன. காலடியில் கல் உருளும் சத்தம். பிடுங்கி வந்த வாழை மரங்கள் சுவர்களில் மோதும் சத்தம். மூன்றாவது வடக்கிலிருந்து வந்தது. அடிவயிற்றில் கேட்கும் சத்தம். ஒரே ஒரு தடவை.

அந்த மாதிரிச் சத்தம் எனக்குப் புதிதல்ல.

இதை எழுதுகிறவனுக்கு வயது எழுபத்து நான்கு. பட்டாளத்தில் ஸ்டோர் கிளார்க். பென்ஷனோடு ஊருக்கு வந்த பிறகு, கொற்கைக்கு மேற்கே உள்ள எங்கள் சபையில் பெரியவர்களுக்கு ஞாயிறுதோறும் வேதபாடம் நடத்தினேன். அந்த வெள்ளத்தில் தப்பியவன். சபையில் அதைப்பற்றி இப்போது வேறு விதமாகப் பேசுகிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.

முதலில் போர். இருபத்திரண்டு வயதில் மேற்கு எல்லையில் இருந்தேன். ஸ்டோர் கூடாரம். பக்கத்துக் கட்டிலில் நாங்குநேரிக்காரன் செல்லத்துரை. இருவர் சட்டைப் பையிலும் சின்ன புதிய ஏற்பாடு. நெஞ்சுப் பையில் வேதம் இருந்தால் குண்டு தாண்டாது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. செல்லத்துரை அதை நம்பினான். நானும் நம்பினேன். விடியற்காலை நாலரை மணிக்கு ஷெல் விழுந்தது. செல்லத்துரை கூடாரத்துக்கு வெளியே பல் துலக்கிக்கொண்டிருந்தான். தூக்கியபோது சட்டைப் பையில் புத்தகம் இருந்தது. அதில் ஒரு கீறல் இல்லை. லீவில் வந்தபோது அதை அவன் அம்மாவிடம் நானே கொடுத்தேன். அவள் அழவில்லை. புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பி ஓட்டை தேடினாள். ஓட்டை இல்லை.

அன்றிலிருந்து வேதத்தைத் தகடாகப் பிடிப்பதை விட்டேன். வாசித்தேன். ஒரு வசனத்தை எடுத்தால் முன் அதிகாரமும் பின் அதிகாரமும் சேர்த்து வாசித்தேன். யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எதற்குச் சொன்னது. இந்த மூன்று கேள்வியைத்தான் சபையில் இருபத்தாறு வருஷம் கற்றுக்கொடுத்தேன். நடக்கையைச் சுத்தமாக்க வந்த புத்தகத்தில் அதிர்ஷ்டம் பார்க்கக் கூடாது என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷப் பிறப்பு ஆராதனையில் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். குடும்பத்துக்கு ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். அதிலிருக்கும் வசனம் அந்த வருஷத்துக்கு அந்த வீட்டுக்குத் தேவன் கொடுத்தது. நான் எடுப்பதில்லை. தம்பி எடுப்பான். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒன்றும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் மாட்டியிருந்தான். நாலு வரிசை. முப்பத்தொன்று.

அவனை ஏளனம் செய்ய எனக்கு வாய் வராது. காரணம் சொல்கிறேன். ஆசீர் பலசரக்குக் கடை வைத்திருந்தான். முன்பு குடித்தான். கல்லாவுக்குக் கீழே குறைந்த எடைக்கல் ஒன்று வைத்திருந்தான். ஒரு வருஷம் கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று பொருள்படும் அட்டை அவன் கைக்கு வந்தது. மறுநாள் எடைக்கல்லை ஆற்றில் எறிந்தான். வீடு வீடாகப் போய், உமக்கு இவ்வளவு குறைத்துப் போட்டிருக்கிறேன் என்று அரிசி அளந்து கொடுத்தான். குடியும் நின்றது. நான் முழு வேதத்தையும் ஒன்பது முறை வாசித்தவன். அப்படி ஒரு காரியம் செய்ததில்லை.

வெள்ளம் வந்த வருஷத்து அட்டையில், ஆறுகளைக் கடக்கையில் அவை உன்மேல் புரளாது, நான் கூட இருக்கிறேன் என்ற வாக்கு வந்திருந்தது.

டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. சனி இரவே மழை பிடித்துவிட்டது. ஆராதனைக்குப் பதினான்கு பேர் வந்தோம். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் எங்கள் ஊருக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். அந்தக் கணக்கில் ஊரே இருந்தது. ஆனால் அன்று மலையில் பெய்த மழை எங்கள் தலைமேலும் பெய்தது. கணக்கு தப்பியது. மத்தியானம் கரண்ட் போனது. சாயங்காலம் போனும் போனது. திங்கள் விடியும்போது என் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். வேதத்தையும் பென்ஷன் புத்தகத்தையும் பரண்மேல் போட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு நடந்தேன்.

சபைக் கோயில் மணி அடிக்கிறது. விடாமல் அடிக்கிறது. ஜனங்கள் மெயின் ரோட்டுக்குப் போகிறார்கள். அங்கே காதர் லாரியோடு நிற்கிறார். காதர் வாழைத்தார் வியாபாரி. ஞாயிறன்று தார் ஏற்ற வந்து மழையில் மாட்டிக்கொண்டவர். போகவும் வழியில்லை. லாரிமேல் தார்ப்பாயைக் கட்டி, வருகிறவர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

தம்பி முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கட்டிலின் கால்கள் தண்ணீருக்குள். ராஜம் நின்றுகொண்டிருந்தாள். கிளம்பு என்றேன். வரவில்லை என்றான். சுவரைக் காட்டினான்.

நான் பேசினேன். எவ்வளவு பேசினேன் என்பது எனக்கு இன்று வியப்பாக இருக்கிறது. தண்ணீர் ஏற ஏறப் பேசினேன். அந்த வாக்கு சிறைப்பட்டுப் போன ஒரு ஜனத்துக்குச் சொன்னது என்றேன். கோயில் தெரு ஓட்டு வீட்டுக்குச் சொன்னதில்லை என்றேன். ஆண்டவரைத் தேவாலயத்து உப்பரிகைமேல் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனம் சொன்னவன் சாத்தான் என்றேன். வசனம் சரியானது, பிடித்த விதம் பொய் என்றேன்.

"அவன் குதிக்கச் சொன்னான். நான் குதிக்கலையே அண்ணே. சும்மா இருக்கேன்" என்றான்.

பிறகு சிரித்தான். "பட்டாளத்துல உங்கள ஸ்டோர்ல போட்டது சரிதான். வேதத்தையும் ஸ்டாக் எடுத்துட்டே இருக்கிய."

எனக்குக் கோபம் வந்தது. வீடு செம்மண் சாந்தில் கட்டியது. அதே மாதிரி இரண்டு வீடுகள் எதிர் வரிசையில் விழுந்தாயிற்று. ஒன்று விழுந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். முதலில் ஓடுகள் சரிந்தன. அப்புறம் சுவர் உட்கார்ந்தது. அதைச் சொன்னேன். தம்பி குனிந்து தன் கைகளைப் பார்த்தான்.

"நீங்க அதிகாரம் அதிகாரமா படிச்சவிய. நான் ஒரு வரியப் பிடிச்சிட்டுக் கிடக்கேன். அதையும் விடச் சொல்லுதிய."

 

அவனை எழுப்பியது நான் அல்ல. ராஜம். கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலை முந்தானையைப் பிழிந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நானும் இருக்கேன். அத்தான் போவட்டும்" என்று என்னைக் காட்டினாள்.

தம்பி அவளைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். எழுந்தான்.  அட்டைகளில் எதையும் எடுக்கவில்லை.

மணி நின்றது. ஏன் என்று வாசலுக்கு வந்ததும் தெரிந்தது. காதரிடம் இருந்த தார் கட்டும் கயிறு பாதித் தெருவுக்குத்தான் எட்டியது. மணிக்கயிற்றை அறுத்து அதோடு முடிந்து, மிதக்கும் பிளாஸ்டிக் குடத்தில் கட்டி எங்கள் பக்கம் விட்டிருந்தார்கள். பிடித்துக்கொண்டோம். நடந்தோம்.

பின்னால் தம்பியின் குரல் கேட்டது. அந்த அதிகாரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தான். முதல் வசனத்திலிருந்து. ஆற்றைப் பற்றிய வசனம் வந்தது. அங்கே நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அடுத்ததைச் சொன்னான். அதற்கு அடுத்ததையும் சொன்னான். ஒரு வரி மட்டும்தான் அவனுக்குத் தெரியும் என்று நான் எண்ணியிருந்தேன். முழு அதிகாரமும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் அந்த மூன்றாவது சத்தம்.

"அண்ணாச்சி! குளத்துக்கரை உடைஞ்சிட்டு! கயித்த விடாதிய!"

காதரின் குரல். வடக்கிலிருந்து தண்ணீர் சுவர் மாதிரி வருகிறது. பழுப்பு நிறம். மேலே வைக்கோல். கயிற்றை முழங்கையில் சுற்றினேன். ராஜம் கரண்ட் கம்பத்தில் மோதினாள். தம்பி ஒரு கையால் அவளைக் கம்பத்தோடு சேர்த்து அழுத்தினான். அவ்வளவுதான் கண்டேன். தண்ணீர் என் தலைக்கு மேலே போனது. மூச்சு வந்தபோது கயிற்றின் கடைசியில் கனம் குறைந்திருந்தது. திரும்பிப் பார்க்குமுன் கைக்குத் தெரிந்துவிட்டது.

வசனம் சொன்ன குரல் எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

கூப்பிட்டேன். காதர் கூப்பிட்டார். லாரியில் இருந்த எல்லாரும் கூப்பிட்டார்கள். எங்களால் முடிந்தது அது ஒன்றுதான். மூன்றாம் நாள் கொற்கைப் பக்கத்து வாழைத் தோட்டத்தில் கிடைத்தான். முகம் சுத்தமாக இருந்தது. காதர் தன் தோளில் தூக்கி வந்தார். ஈரமில்லாத இடம் தேடி, சபைக் கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மூலையில் வைத்தோம்.

வீடு விழவில்லை.

இதை நான் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் வரிசையில் மற்றவை விழுந்தன. தம்பி வீடு நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு நானும் ராஜமும் போய்ப் பார்த்தோம். சுவரில் சேற்றுக்கோடு. அட்டைகளின் கீழ் வரிசைக்கு நாலு விரல் கீழே கோடு நின்றுவிட்டது. கட்டில் பரணுக்கு அடியில் மிதந்து வந்து சேர்ந்திருந்தது. அதில் ஏறிப் பரண்மேல் இருந்திருந்தால் தம்பியும் பிழைத்திருப்பான். சபையில் அதைத்தான் சொல்கிறார்கள். தம்பி விசுவாசித்தான், அண்ணன் வேதம் பேசியே வெளியே கூட்டிவந்து கொன்றான் என்கிறார்கள். என் முகத்துக்கு நேரே ஒருவர் சொன்னார். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால்.

நான் சொன்ன போதனை சரி. தம்பி உயிரோடிருந்தால் மறுபடியும் அதையே சொல்வேன். அது சரி என்பதால் கயிற்றின் கனம் கூடவில்லை.

ராஜம் இப்போது என் வீட்டில் இருக்கிறாள். இந்தப் புது வருஷ ஆராதனையில் தட்டு வந்தபோது அவள் கை நீட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும், அட்டை வேண்டாம் அத்தான், அந்த அதிகாரத்தை முழுசா வாசிங்க என்றாள். வாசித்தேன். தம்பியின் குரல் நின்ற இடம் வந்தது. என் குரலும் நின்றது. அவள் பொறுத்திருந்தாள். மறுபடி தொடங்கி முடித்தேன்.

"இது யாருக்குச் சொன்னது அத்தான்?" என்று கேட்டாள்.

இருபத்தாறு வருஷம் நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி. பதில் எனக்குத் தெரியும். வாயில் வரவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு அதிகாரம் வாசிக்கிறோம். அடுத்த அதிகாரம், அதற்கடுத்த அதிகாரம்.

கணக்கு.

கோயில் தெருவில் விழுந்த வீடுகள் ஒன்பது. அதில் என் வீடு ஒன்று. ஆடுகள் பத்தொன்பது. பசு மூன்று. தம்பி கடையில் அரிசி மூட்டை பதினொன்று, நல்ல எடைக்கற்கள் ஒரு செட். மணிக்கயிறு ஒன்று. நான் குறிப்பெழுதி வாசித்த வேதம் ஒன்று. பரணோடு விழுந்து கூழாகிவிட்டது. வேதபாட வகுப்புக்கு வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். இப்போது வருகிறவர்கள் இரண்டு பேர், ராஜத்தையும் சேர்த்து.

ஆள் ஒருவர். ஆசீர். வயது அறுபத்திரண்டு. என் கூடப்பிறந்தவன்.

சுவரில் அட்டைகள் முப்பத்தொன்று. இரண்டு தடவை எண்ணினேன். குறையவில்லை. ஒன்றுகூட நனையவில்லை.