மேஜரின் புது பிஸ்டல்

"முயலுக்கு அது ஆகாதுன்னு சொல்லிட்டேன்" என்று முன் இருக்கையில் ஒருவன் தமிழில் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது. மிங்கலாடோனிலிருந்து தின்கன்ஜூன் போகும் லைன் கார் பஸ்ஸில் நம் பேச்சு கேட்பது அபூர்வம். பட்டாளத்தில் துப்பாக்கி துடைக்கிறவன் போலிருக்கிறது. பக்கத்தில் அவன் மனைவி, கர்ப்பிணி, பர்மியப் பெண்களைப் போல் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள்.

"எது, மேஜரோட புது பிஸ்டலா?"

"ஆமா. சுட்டுப் பாத்துச் சொல்லுன்னாரு. சின்னத் தோட்டா, சத்தம் கம்மி, கையும் உதறல. அட்டையில சுட்டா எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள்ள விழுது. குறி பழக அருமையான சாமான்னேன். ஞாயித்துக்கிழமை வா, முயல் சுட்டுப் பாப்போம்னாரு. காயந்தான் படும், சாகாதுன்னுட்டேன்."

"நெசமாவே சாகாதா?"

"தலையில பட்டா அங்கேயே விழும்."

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"போன தடவை நீங்க அவரோட புறா சுடப் போனப்பதான் நமக்குத் தங்காமப் போச்சு. மாசமா இருக்கையில புருஷன் உசுரு எடுக்கக் கூடாதும்பாங்க."

"அதெல்லாம் நான் நம்பல, செல்வி."

"வேற யாராச்சும் அதால முயல் சுட்டுக் காட்டிட்டா?"

"துப்பாக்கி பாக்கத் தெரியாத பயன்னு எல்லார் முன்னாலயும் திட்டுவாரு. திட்டட்டும்."

"நம்பலன்னீங்க?"

"இப்பவும் நம்பல" என்றான், அவள் பக்கம் காற்று அடிக்காமல் ஜன்னலை இழுத்து மூடியபடி.