வெள்ளக்கடை வளைவுக் காட்டெருமை

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் போனில் கத்தினார்: "மேடம், என்ற முட்டைக்குக் குளுருதுங்க!"

பள்ளிக்கூடப் படிப்பு எனக்கு ஏறவில்லை. எதையும் காதால்தான் படிப்பேன். செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து காதைக் கொடுத்தேன்.

அவர் மடியில் ஸ்வெட்டர் சுற்றிய தெர்மோகோல் பெட்டி. குஞ்சு பொரிக்கும் மெஷினைச் சொந்தமாகச் செய்திருக்கிறார். சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகம் கெட்டுவிட்டது. ஆர்டர் போட்ட புதுசு வரவில்லை. முட்டைகளை அடிவாரத்து மச்சானின் மெஷினுக்குக் கொண்டுபோகிறார்.

ஸ்பீக்கரில் பெண் குரல்: "டெலிவரி பண்றவர் வந்தார் சார். நீங்க சொன்ன அடையாளம் இல்லைன்னு திரும்பிட்டார்."

பக்கத்திலிருந்த மனைவி கேட்டார்: "என்ன அடையாளமுங்க குடுத்தீங்க?"

"வெள்ளக்கடை வளைவுல காட்டெருமை நிக்கும், அங்க திரும்போணும்னு."

"அது மேயப் போயிருந்தா?"

"தெனமும் அங்கதான நிக்குது!"

"நின்னிருந்தா மட்டும் அந்தாளு திரும்பியிருப்பாராக்கும்? வந்த வழியே ஓடியிருப்பாரு."

"சார், வேற அடையாளம் ஏதாவது..."

பெட்டிக்குள் கீச்சென்றது. மனைவி ஸ்வெட்டரை விலக்கி மூடியைத் திறந்தார். ஒரு முட்டை விரிசலில் குட்டி அலகு தெரிந்தது.

"ஏனுங்க, உசுரோட இருக்குதுங்க!"

அவர் போனைப் பெட்டிப் பக்கம் நீட்டினார். "மேடம், குஞ்சு வருதுங்க!"

"வாழ்த்துகள் சார். அப்ப ஆர்டரை கேன்சல் பண்ணிடலாமா?"

"ஐயோ, மத்ததெல்லாம் இன்னும் முட்டையாத்தான் இருக்குதுங்க. அனுப்பிருங்க. ஆமா, உங்க பேரென்னங்க?"

"கவிதா சார். கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறீங்களா?"

"இல்லீங்க. பொட்டக் குஞ்சா இருந்தா வெக்கறதுக்குங்க."