முழு வருகை

— அப்படி இல்ல டீச்சர். மறுபடியும் முதல்ல இருந்து சொல்லுங்க. நாளைக்கு ராஜபாளையம் பக்கத்துல இருந்து பதினாலு ஸ்கூல் வாத்தியார்க வாராக. மூணாம் வகுப்புல ஆறு வாரமா ஒரு பிள்ளைகூட லீவு போடலையே, எப்படின்னு கேப்பாக. என்ன சொல்லுவீங்க?

— பிள்ளைக தானா வருது சார்.

— அது போதாது.

— வேற என்னத்தச் சொல்ல? என்னைய விட்டிருங்க. சோலைராஜ் சார் பேசுனா நாலு பேரு கேப்பாக. அழகுத்தாய் பேசுனா அவுகளுக்குக் கொட்டாவிதான் வரும், பாத்துக்கோங்க.

— வகுப்பு உங்களது. நான் எப்படிப் பேச?

— பெரிய டீச்சரு பேச மாட்டாகளா?

— ஞானபாக்கியம் டீச்சர் வரவேற்புரை மட்டும்தான். இப்போ பால்கோவா வாங்க வில்லிபுத்தூர் போயிருக்காங்க. எழுபது பேருக்கு.

— அவிய பிரம்பைக் கிணத்துல தூக்கிப் போட்டதைச் சொல்லச் சொல்லுங்க. எல்லாரும் சிரிப்பாக.

— அதையும் சொல்லணும்தான். ரெண்டு வருசம் முன்னால இந்த ஸ்கூல் எப்படி இருந்துச்சு? பக்கத்து வகுப்புல பிள்ளை அலறுனா நாம கதவைச் சாத்திக்கிட்டோம். ஒரு வாத்தியார் இன்னொருத்தர் வகுப்புக்குள்ள காலெடுத்து வச்சா சண்டை.

— ஆமா சார். இப்போ வெள்ளிக்கிழமையானா ஆறு பேரும் வட்டமா உக்காந்து, இந்த வாரம் எனக்கு இது வரலைன்னு வாய்விட்டுச் சொல்லுதோம். நான் வகுத்தல் கணக்கே உங்க வகுப்புல கடைசிப் பெஞ்சுல உக்காந்துதான் ஒழுங்காப் படிச்சேன். எம் பக்கத்துல இருந்த பொடியன் 'அழாதீக டீச்சர், வந்துரும்'னு பென்சில் குடுத்தான்.

— இதைத்தான் நாளைக்குச் சொல்லணும்.

— இதைச் சொல்லுதேன். மணிக் கதை மட்டும் வேண்டாம்.

— அதைக் கேக்கத்தானே வாராக. வாரம் முழுக்க ஒரு பிள்ளையும் லீவு போடாம, லேட்டா வராம இருக்கிற வகுப்புக்கு அடுத்த வாரம் ஸ்கூல் மணி அடிக்கிற உரிமை. ஒரு தண்டவாளத் துண்டு, ஒரு சுத்தியல். அவ்வளவுதான். அதுக்காகப் பிள்ளைக காய்ச்சலோட வருது.

— காய்ச்சலோடதான் வருது. அந்த மணியே வேண்டாம் சார். கழட்டிப் போட்டிருங்க.

— என்ன டீச்சர் இது? என்ன நடந்துச்சு?

— ஒரு பிள்ளை வரலை.

— இன்னைக்கா?

— ஆவணிக் கடைசியிலேயே நின்னுட்டா.

— இது ஐப்பசி.

— தெரியும் சார்.

— நோட்டுல எல்லா நாளும் வருகைக்கோடு இருக்கு. நானே பார்த்தேன்.

— நான் போட்ட கோடு. அப்படிப் பாக்காதீக சார். திட்டணும்னா திட்டிருங்க.

— ஏன் நின்னா?

— அவ அம்மா தோப்புக் கூலிக்கு விடியுமுன்ன போயிருவா. இந்தப் பிள்ளைதான் குழாயில வரிசையில நின்னு தண்ணி பிடிச்சு, தம்பியைப் பால்வாடியில விட்டுட்டு வரணும். வாரத்துல ஒருநாளாவது லேட்டாயிரும். ரெண்டு வாரம் அவளாலதான் மணி நாலாம் வகுப்புக்குப் போச்சு. மூணாவது வாரம் எங்க வகுப்புப் பிள்ளைக கேட்டுல நின்னு மறிச்சிருக்கு. 'லேட்டா வந்தா மணி போயிரும், நீ வராமலே இருந்துக்கோ'ன்னு பையைப் பிடுங்கிச் சாக்கடையில எறிஞ்சிருக்கு. எல்லாம் எட்டு வயசுப் பிள்ளைக, சார்.

— உங்களுக்கு எப்போ தெரியும்?

— ரெண்டு நாள் கழிச்சு. மொத நாள், மத்தியானத்துக்கு மேல வந்துருவான்னு நெனச்சுக் கோடு போட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. கூட்டத்துல சுத்தியலை என் கையில குடுத்தீக. எல்லாரும் கை தட்டுனாக. பதினாறு வருச சர்வீஸ்ல எனக்கு ஒருத்தரும் கை தட்டுனது கிடையாது. பொறவு அதை எப்படி அழிக்க?

— கூட்டத்துல சொல்லியிருக்கலாம். தப்பைச் சொல்லத்தானே கூட்டம்?

— மணி வந்த பொறவு அங்க யாராவது தப்பைச் சொன்னாகளா? யோசிச்சுப் பாருங்க. காமராஜ் சார் முன்னெல்லாம் வாரத்துக்கு மூணு சொல்லுவாரு, நாம சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும். இப்போ வாயத் திறக்காரா? இப்போ எல்லார் வகுப்பும் நல்லாத்தான் நடக்கு.

— மூணு நாள் சேர்ந்தாப்ல வராத பிள்ளை வீட்டுக்கு நாம போறோமே.

— நோட்டுல வராத பிள்ளை வீட்டுக்குப் போறோம். எவராவது என் வகுப்புல வந்து உக்காந்து தலையை எண்ணியிருந்தாத் தெரிஞ்சிருக்கும். 'முழு வருகை உள்ள வகுப்புக்கு யாரும் போக வேண்டாம், தடுமாறுற வகுப்புக்குப் போவோம்'னு நீங்கதான் சொன்னீக.

— சொன்னேன்.

— உங்க மேல பழி போடலை சார்.

— போடுங்க. காலாண்டுப் பரீட்சை?

— மார்க்கும் போட்டேன். தமிழுக்கு அறுபத்திரெண்டு.

— அந்தப் பிள்ளையை அப்புறம் நீங்க பார்க்கவே இல்லையா?

— ஒருக்கா பாத்தேன். பஸ்ஸுல வந்துக்கிட்டிருந்தேன். தோப்பு ரோட்டுல பையைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னா. என்னையப் பாத்ததும் கும்பிட்டா.

— இறங்கலையா?

— பஸ் அங்க நிக்காது.

— மறுநாள்?

— மறுநாளும் பஸ்ஸுலதான் வந்தேன் சார்.

— யார் பிள்ளை?

— தோப்பு ரோட்டு மாரியாத்தா மக. முத்துப்பேச்சி.

— பேரைத் திரும்பச் சொல்லுங்க.

— முத்துப்பேச்சி. ஏன் சார்?

— இன்னைக்கும் கோடு போட்டீங்களா?

— மொத மணி அடிச்சதும் போட்டுட்டேன். நோட்டு ஆபீஸ் ரூம்லதான் இருக்கு. ஏன் சார், மூஞ்சி ஒரு மாதிரிப் போகுது?

— மத்தியானம் ஒரு ஆள் வந்தான். நீங்க சத்துணவுக் கொட்டகையில நின்னீங்க. ஆபீஸ்ல நான் மட்டும்தான். நாளைக்கு வாசல்ல வைக்கிற வரவேற்பு அட்டை எழுதிக்கிட்டிருந்தேன்.

— என்ன கேட்டான்?

— முத்துப்பேச்சி இன்னைக்கு ஸ்கூலுக்கு வந்திருக்கான்னு கேட்டான்.

— நீங்க?

— நோட்டைப் பார்த்தேன்.

— பாத்து?

— வந்திருக்கா, போங்கன்னேன். மூணாம் வகுப்பு பத்தடி தூரம். எட்டிப் பார்க்கலை.

— அவன் எதுக்குக் கேட்டான் சார்?

— நான் கேக்கலை. கிளம்புங்க. சைக்கிள் இருக்கு, பின்னால உக்காருங்க. அவ வீட்டுக்குப் போவோம்.

— நாளைக்கு வாரவுகளுக்குக் கோலம், நாற்காலி...

— வாரவுக பூட்டைப் பார்த்துட்டுப் போகட்டும்.

— சார். கேட்டைத் தொறந்துக்கிட்டு ஆரோ வாராக. எஞ்சாமி, அது மாரியாத்தாதான்.

— கும்பிடுதேன் டீச்சர். கும்பிடுதேன் சார். பூட்டிட்டுப் போயிருப்பீகளோன்னு ஓட்டமும் நடையுமா வாரேன். எங்க அவ? ஏட்டி முத்துப்பேச்சி! வெளிய வாட்டி! அடிக்க மாட்டேன், வா!

— மாரியாத்தா, செத்த நேரம் உக்காரு.

— உக்காரப் பொழுதில்ல டீச்சர். தம்பிக்காரன் அக்கா எங்கன்னு கத்திக்கிட்டுக் கெடக்கான். நான் தங்கச்சி பேறுகாலத்துக்கு அவனைத் தூக்கிக்கிட்டு நேத்துக் காலையில ராஜபாளையம் போனேன். இன்னைக்குக் காலையில வந்து பாத்தா வீட்டுல பிள்ளையக் காணும். எங்க வீட்டு ஆளு, நேத்துப் பொழுதடைஞ்சும் வரலையேன்னு பாத்துட்டு, சரி, அம்மாகூடப் போயிருக்கும்னு நெனச்சு ராத்திரி கெடந்து தூங்கியிருக்காரு. கூறுகெட்ட மனுசன்! எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. இப்பதான் உசுரு வந்துச்சு.

— அம்மா, நேத்து அவளை யாராவது பார்த்தாங்களா?

— நேத்தும் இங்கதான் வந்திருப்பா சார். பையத் தூக்கிக்கிட்டுத் தெனமும் போறாளே. எங்க வகுப்புக்குத்தான் மணின்னு வீட்டுல எம்புட்டுப் பெருமை! கரண்டியை வச்சுத் தட்டைத் தட்டிக்கிட்டே இருப்பா. ஆடு மேய்க்கிற கண்ணுச்சாமிதான் ஒரு பேச்சுப் பேசிட்டான். நேத்துச் சாயங்காலம் செண்பகத்தோப்பு ஓடைக்கு அங்கிட்டு, விறகு பொறுக்குற பொம்பளைக பொறத்தால நம்ம பிள்ளை போச்சுன்னான். தோள்ல பை இருந்துச்சாம்.

— ராத்திரி மலையில மழை.

— அம்புட்டு மழை சார். ஓடை கரை தட்டிப் போகுது. அதனாலதான் காலையில எல்லாரும் பதறிட்டோம். எங்க வீட்டு ஆளும் இன்னும் நாலு பேரும் கயிறை எடுத்துக்கிட்டு அங்கிட்டு இறங்கிட்டாக. நான்தான் மனசு கேக்காம, எதுக்கும் ஸ்கூல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கண்ணேன்னு கருத்தையா அண்ணனை இங்க அனுப்புனேன்.

— டீச்சர், என் சைக்கிள் சாவி எங்க?

— உங்க கையிலதான் சார் இருக்கு.

— அம்மா, அவங்க இன்னும் ஓடைக்கிட்டதானே இருக்காங்க?

— இல்ல சார், அவுக அப்பவே வந்துட்டாக. பாறைக்கு அங்கிட்டு ஏதோ பிள்ளை கூப்பிடுற மாதிரி இருக்குன்னு ஒருத்தன் சொன்னானாம். அதுக்குள்ள கருத்தையா அண்ணன் ஓடிப்போயி, 'அது ஆட்டுக்குட்டியா இருக்கும்லே, வாத்தியாரு நோட்டைப் பாத்துச் சொல்லிட்டாரு, பிள்ளை வகுப்புல இருக்கு'ன்னு எல்லாரையும் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாரு.