மைக்கோட முதுகுப் பக்கம்

அங்க வேணாம் தம்பி, இந்த நாற்காலியில உக்காருங்க. அது காலு ஆடும். ஆடினா கிறீச்சுன்னு ஒரு சத்தம் வரும், இந்த மைக்கு விடாம புடிச்சிரும். மேடையில பாத்திருப்பீங்களே, வாய்கிட்ட வச்சுப் பாடற மைக்கு, அந்த ரகம் இல்ல இது. அதுக்குப் பாதிச் செவிடு. கிட்டப் போய்க் கத்தினாத்தான் கேக்கும். இது கண்டென்சர். நீங்க எச்சில் முழுங்கினா அதுவும் பதிவாகும்.

இருங்க, கதவச் சாத்திடறேன். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். தெருச் சத்தம் விழும்தான், விழட்டுமே. வீட்டுல உக்காந்து வயலின் வாசிக்கிறவளுக்கு எந்த மைக்கு தெருவை அதிகமா இழுக்குதுன்னு தெரிய வேணாமா? அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்.

வீட்டைப் பூட்டிட்டா வந்தீங்க? பூட்டலையா. அதானே, பக்கத்து வீட்டுக்கு வர்றதுக்கு என்ன பூட்டு. இல்லல்ல, சும்மாதான் கேட்டேன். எப்பவும் வெளியில பூட்டிக்கிட்டுத்தானே வேலைக்குப் போவீங்க, அந்தப் பழக்கத்துல பூட்டிட்டீங்களோன்னு. பாப்பா உள்ள இருக்கால்ல.

போனை அணைச்சிருங்க தம்பி. சத்தத்தைக் குறைச்சா மட்டும் போதாது. அது சிக்னல் தேடும்போது டிர்ர்ருன்னு ஒரு இரைச்சல் இதுக்குள்ள வரும். அணைச்சிட்டு அந்த அலமாரி மேல வைங்க. ரெண்டு போனா? ஓ, அது உங்க வீட்டம்மாவோடதா. சரி சரி, அதையும் அங்கயே வைங்க. அவங்க கைக்கட்டு பிரிச்சாச்சா? இன்னும் இல்லையா. பாவம், குளியலறையில வழுக்கி விழுந்தாங்கன்னு சொன்னீங்க. தரை எல்லா வீட்லயும் ஒரே தரைதான் போட்டிருக்காங்க, நான் ஒரு தடவை கூட விழுந்ததில்ல. என் அதிர்ஷ்டம்னு வச்சுக்கங்களேன்.

இப்பப் பாருங்க, ஸ்டாண்டுல ரெண்டு மைக்கு மாட்டியிருக்கேன். ஒன்னு குண்டா டம்ளர் மாதிரி, ஒன்னு பேனா மாதிரி ஒல்லியா. ரெண்டுல ஒன்னை சாயங்காலத்துக்குள்ள கடையில திருப்பிக் குடுக்கணும். எதை வச்சுக்கறது எதைத் திருப்பறதுன்னு மண்டையப் பிச்சுக்கிட்டு இருக்கேன். வீட்டுக்காரர்கிட்ட கேட்டா, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குங்கறார். அவருக்கு வேன் ஹாரனைத் தவிர ஒரு சத்தமும் தெரியாது. இல்ல, அவர் இல்ல வீட்ல. சவாரி வந்திருக்கு, கொஞ்சம் தூரமா போகணும். கிளம்பிட்டே இருக்கார்.

உங்களை எதுக்குன்னா, உங்க காது எனக்குத் தெரியும். ஆமா தம்பி, வெக்கப்படாதீங்க. நான் எப்ப வாசிக்க ஆரம்பிக்கிறேன் எப்ப நிறுத்தறேன்னு இந்தக் கட்டடத்துலயே உங்களுக்குத்தான் தெரியும். அன்னைக்குப் படிக்கட்டுல நிறுத்திக் கேட்டீங்களே, ஏன்க்கா இன்னைக்குச் சீக்கிரம் நிறுத்திட்டீங்கன்னு. எங்க அம்மா கூட அப்படிக் கேட்டதில்ல.

இந்தாங்க ஹெட்போன். நல்லா இழுத்து மாட்டுங்க, காது முழுக்க மூடணும். மைக்குல விழறது மட்டும்தான் உங்களுக்குக் கேக்கணும். முதல்ல குண்டு. இந்தப் பட்டனை அமுக்கினாத்தான் அதுக்குக் கரண்ட் போகும், இல்லேன்னா பொணம். சரி, வாசிக்கட்டுமா?

எப்படி? கரகரன்னு இருக்கா? அது வில்லு உரசற சத்தம். மைக்கைக் கிட்ட வச்சா அப்படித்தான் வரும். புதுசா வாங்கறவங்க எல்லாரும் வயலின் மூக்குல இடிக்கிற மாதிரி கொண்டுபோய் வச்சிருவாங்க. ஒரு கை தூரம் தள்ளி, தலைக்கு மேலயிருந்து கீழ பாக்கற மாதிரி வைக்கணும். இப்ப ஏத்திட்டேன். திருகாணியைத் தவற விட்டுட்டேன் பாருங்க. ஹ்ம், காலையிலேருந்து மூணு காப்பி. வேற என்ன.

அது என்ன படமா? நல்லாக் கவனிக்கிறீங்க. இந்தக் குண்டுல மட்டும் ஒரு ஸ்விட்சு இருக்கு, பக்கத்துல மூணு படம். வட்டம் போட்டிருக்குல்ல, அதுல வச்சா நாலா பக்கமும் கேக்கும். இந்த இதயம் மாதிரி இருக்கே, அது முன்பக்கம் மட்டும். முதுகுப் பக்கம் காது கிடையாது. மூணாவது எட்டு. எட்டுல வச்சா முன்னாடியும் கேக்கும், முதுகாலயும் கேக்கும். நான் வாங்கின அன்னைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? துடைக்கும்போது ஸ்விட்சு எட்டுக்கு நகந்திருக்கு. முதுகு உங்க வீட்டுச் சுவரைப் பாத்து இருக்கு. அப்படியே வச்சு ஒரு முழுப் பாட்டு வாசிச்சு முடிச்சிட்டேன். என்ன ஆச்சா? சொல்றேன், சொல்றேன், அது கடைசியில. இப்ப இதயத்துல வச்சிருக்கேன். உங்க சுவர்ப் பக்கத்திலேருந்து ஒரு துரும்பு சத்தம் உங்களுக்கு வராது. வந்தா மைக்கு சரியில்லைன்னு அர்த்தம்.

அடுத்தது ஒல்லி. மாத்திட்டேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க, அப்பத்தான் வித்தியாசம் புரியும்.

ஐயையோ, கழட்டாதீங்க கழட்டாதீங்க! என்ன சத்தம்? தொம்முன்னா? நாற்காலியில அதிர்ந்துச்சா? அது மேல் வீட்டுல தம்பி. அந்த அண்ணன் காலையிலேருந்து கட்டிலை நகத்தறேன் பீரோவை நகத்தறேன்னு உசுரை வாங்கறார். மச்சானை வேற துணைக்குக் கூட்டிட்டு வந்திருக்கார். உங்க வீட்லயா? உங்க வீட்ல ஒத்தைக் கையோட அவங்க எதை நகத்தப் போறாங்க, சொல்லுங்க.

எதுக்கு எந்திரிக்கிறீங்க? ஒரு எட்டு பாத்துட்டு வர்றீங்களா? அட, போனா திரும்பி வர்றதுக்குள்ள என் கை ஆறிப்போயிரும், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். சாயங்காலம் ஆயிட்டா கடைக்காரர் வாங்க மாட்டார், ரெண்டும் என் தலையில. ஒரே ஒரு பாட்டு தம்பி. அக்காவுக்காக. உங்க வீட்டம்மா எங்க போயிடப் போறாங்க? இந்த மூணு வருஷத்துல வாசப்படி தாண்டி நான் பாத்ததே இல்லையே.

அப்படிச் சிரிங்க. நீங்க சிரிச்சா நல்லாத்தான் இருக்கு. மாட்டிக்கங்க. இந்தத் தடவை பெரிசா, வேகமா வாசிக்கிறேன். சுவரெல்லாம் அதிரும். சத்தமா வாசிச்சா எந்த மைக்கு தாங்குது, எது உடைஞ்சு போகுதுன்னு பாக்கணும். நான் நிறுத்தற வரைக்கும் அசையக் கூடாது. நடுவுல வெளிச்சத்தம் எது விழுந்தாலும் மனசுல வச்சுக்கங்க, அப்புறமா சொல்லுங்க.

அப்பாடா. தோள் விட்டுப்போச்சு. ம், சொல்லுங்க, என்ன விழுந்துச்சு? நாய் குரைச்சுதா. அது கிடக்கு. அப்புறம்? ஹாரனா? எத்தனை தடவை? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி, ஒரு தடவையா ரெண்டு தடவையா? ரெண்டு. அடுத்தடுத்து ரெண்டு. நிச்சயமா? அப்புறம் வண்டி போற சத்தமும் கேட்டுச்சா. போயிருச்சா.

அப்பா சாமி.

இல்ல, ஒன்னுமில்ல. கண்ணுல என்னமோ. இருங்க, வயலினைப் பெட்டியில வச்சிட்டு வந்து உக்காந்துக்கறேன். மூச்சு விட்டுக்கறேன்.

எட்டுல வச்சா என்ன ஆச்சுன்னு கேட்டீங்கல்ல. சொல்லிடறேன். அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். மெதுவான பாட்டு. வயலினுக்கு அடியில வேற ஒரு குரல் வந்துச்சு. ரேடியோ ஏதோ கலந்துருச்சுன்னு நினைச்சேன். சத்தத்தை ஏத்தி ஏத்திக் கேட்டேன். உங்க குரல் தம்பி. கத்தவே இல்ல நீங்க. அக்கா ஆரம்பிச்சிட்டாங்க, இப்பக் கையை நீட்டுங்கறீங்க. பாப்பா நீ சுவரைப் பாத்து நில்லுங்கறீங்க. நடுவுல நான் வில்லுக்குப் பிசின் தேய்க்க நிறுத்தறேன், நீங்களும் நிறுத்தறீங்க. உஷ்ஷுங்கறீங்க. நான் வில்லை வச்சதும் மறுபடி ஆரம்பிக்கிறீங்க.

தினமும் வாசிங்கக்கா, கேக்க நல்லா இருக்குன்னு வாசல்ல நின்னு சொல்வீங்களே. நான் அதைக் கேட்டுப் பூரிச்சுப்போய், ஒரு பாட்டுக்கு ரெண்டு பாட்டா வாசிச்சிருக்கேன் பாவி. என் வீட்டுக்காரர்கிட்ட வேற பெருமையடிச்சேன், பக்கத்து வீட்டுத் தம்பிக்கு சங்கீதம்னா உசுருன்னு.

உக்காருங்க. நான் உக்காருங்கன்னு சொன்னேன். அந்தச் சிவப்பு விளக்கு எரியுது பாருங்க, பதிவு இன்னும் ஓடுது. இப்ப குண்டை வட்டத்துல வச்சிருக்கேன். நீங்க எந்தப் பக்கம் நின்னு என்ன பண்ணினாலும் அதுக்குக் கேக்கும். கதவுக்கு வெளியில மேல் வீட்டு அண்ணனும் மச்சானும் நிக்கிறாங்க. கட்டில் கிட்டில் ஒன்னும் நகத்தல அவங்க. உங்க வீட்லேருந்து ரெண்டு பெட்டியும் பாப்பா சைக்கிளும் இறக்கினாங்க, அதான் தொம்முன்னுச்சு. ஒத்தைக் கையால அவங்க எப்படித் தூக்குவாங்க?

எப்படின்னா? பின்பக்க பால்கனி ஒட்டித்தானே இருக்கு, நீங்க முன் கதவை மட்டும்தானே பூட்டுவீங்க. துணி காயப்போடற சாக்குல பேசினோம். பூட்டாம நீங்க எப்ப வெளியில வருவீங்கன்னு கேட்டேன். பக்கத்து வீடுன்னா பூட்ட மாட்டார்க்கா, ஆனா சின்ன சத்தம் கேட்டாலும் திரும்பி வந்துருவாருன்னாங்க. அப்பத்தான் ஹெட்போன் ஞாபகம் வந்துச்சு. அவங்களையும் பாப்பாவையும் ஏத்திக்கிட்டு வேன் தெரு முனையில திரும்பும்போது ரெண்டு ஹாரன் அடிக்கச் சொல்லி எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருந்தேன். வாசிக்கும்போது எனக்குக் கேக்காதே. அதான் உங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னேன்.

எங்கன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. தெரிஞ்சா நான் உளறிடுவேன்னு என்கிட்ட சொல்லவே இல்ல. அந்தப் பழைய பதிவு மட்டும் அவங்களுக்காக வாதாடப் போற ஒரு வக்கீலம்மாகிட்ட இருக்கு.

முறைக்காதீங்க தம்பி. பயமாத்தான் இருக்கு எனக்கு, இல்லேங்கல. ஆனா என் வயலினை நீங்க எதுக்கு உபயோகிச்சீங்களோ அதுக்குத்தான் நானும் இன்னைக்கு உபயோகிச்சேன். பக்கத்துல நடக்கறது யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு.

குண்டையே வச்சுக்கறேன், ஒல்லியைத் திருப்பிடறேன். கிளம்புங்க, கதவு சும்மா சாத்தித்தான் இருக்கு. போகும்போது அலமாரியிலேருந்து உங்க போனை மட்டும் எடுத்துக்கங்க. இன்னொன்னு அவங்களோடது.