ஓம் மட்டும் சொல்லும் மனிதர்

கல்லடிப் பாலத்து ராணுவ செக்பொயின்ற்றில் பஸ் நின்றது. முன்சீட்டு அக்கா பக்கத்து மாமியிடம் படபடத்தார். அக்காவின் மறுபக்கம், தலையில் தழும்போடு அவருடைய புருஷன்.

"செல் வெடிச்சுத் தலையில பட்டதிலிருந்து இவருக்கு 'ஓம்' மட்டும்தான் வருது. என்ன கேட்டாலும் ஓம் எண்டு ஒத்துக்கொள்றார்."

"நல்ல மனிசன்தானே புள்ள."

"ஆமிக்காரன் 'நீ புலி இயக்கமா' எண்டு கேட்டா?"

மாமி சிரிப்பை விழுங்கினார். "இல்லை எண்டு சொல்ல வராதா?"

"சொல்ல வராது, பாட வரும். பாட்டு மூளையில வேற பக்கமாம், டொக்டர் சொன்னவர். ஒரு மாசமாப் பழக்கிறன்."

ஆமிக்காரன் ஏறி நேரே புருஷனிடம் வந்தான். "நீ புலியா?"

அக்கா புருஷனின் கையில் தாளம் தட்டினார். அவர் தாலாட்டு மெட்டில் இழுத்தார். "இல்லை... இல்லையே..."

ஆமிக்காரன் முழித்தான். பிறகு சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

"போதும், நிப்பாட்டுங்க."

"இல்லை... இல்லையே..."